அக்காவுக்கு, டொராண்டோவிலிருந்து

டொராண்டோ,
மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். அங்கு அப்பா, அத்தான், கயல் எல்லோரும் நலமா? பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ கோபித்து எழுதியது வந்து மூன்று வாரம் ஆகிறது. ஃபோனில் பேசுவது போதாது, கடிதம் என்றால் அப்பா நாலு தடவை படிப்பார் என்று எழுதியிருந்தாயே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் டிபார்ட்மென்டில் நான் ஏற்பாடு செய்யும், பயிற்சி டாக்டர்களின் ஆராய்ச்சி நாள் விழா போன வியாழக்கிழமைதான் முடிந்தது. பழியை அதன்மேல் போட்டுவிடுகிறேன்.

கயல் தன் ஆராய்ச்சியை முதல் தடவையாகப் போஸ்டராகப் போடப் போகிறாளாமே. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மேலே படி.

இங்கே பயிற்சி வருஷம் ஜூலை 1-ல் தொடங்குவதால், படித்து முடிப்பவர்கள் போவதற்குள் விழாவை வைத்துவிட வேண்டும். தேதியை ஆறு மாதம் முன்பே குறிக்காவிட்டால் பாதிப் பேருக்கு அன்றைக்கு வார்டு டூட்டி விழும். பரிசு வாங்குகிறவரே முதல் நாள் நைட் டூட்டி பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவார். அன்று வார்டைப் பெரிய டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று முன்கூட்டியே எழுதி வாங்குவதுதான் இதில் கஷ்டமான வேலை. மற்றதெல்லாம் மேஜை நாற்காலி.

ஆராய்ச்சிச் சுருக்கம் 300 சொல்லுக்குள் இருக்க வேண்டும். பெயரை மறைத்து இரண்டு பேரிடம் மார்க்குக்கு அனுப்புவோம். “முடிவுகள் விழாவில் தெரிவிக்கப்படும்” என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. முடிவே இல்லாததற்கு என்ன மார்க் போடுவது? கயல் அதைச் செய்ய வேண்டாம். பத்து நோயாளிகளின் கணக்கு இருந்தாலும் அந்தப் பத்தை எழுதட்டும்.

போஸ்டர் 48-க்கு 36 அங்குலம் என்றால் அந்த அளவைப் பவர்பாயின்டில் முதலிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். சாதாரண ஸ்லைடில் செய்துவிட்டுக் கடைசியில் இழுத்தால் படமெல்லாம் பிசிறடிக்கும். உள்ளே எழுத்து 28-க்குக் கீழே போகக் கூடாது. ஏ4 தாளில் ஒரு பிரதி எடுத்துப் பார்க்கச் சொல். அது நீள அகலத்தில் ஏறக்குறைய கால் பங்கு. அதை ஒரு அடி தள்ளிப் பிடித்துப் படிக்க முடிந்தால், போஸ்டரை நாலடி தள்ளி நின்று படிக்கலாம். கடைக்குப் பிடிஎஃப் ஆகத்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லாமல் மைக்ரோகிராம் குறியீடு வெறும் கட்டமாகிவிடும். எக்ஸ்ரே மூலையில் நோயாளியின் பெயர், நம்பர் இருக்கும். அச்சான பிறகு ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தால் தாளில்தான் மறையும். ஃபைலில் அப்படியே இருக்கும். உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பைத்தான் p என்பார்கள்; கம்ப்யூட்டர் p = 0.000 என்று காட்டுவதை அப்படியே எடுத்துப் போடவும் கூடாது. 0.001-க்கும் குறைவு என்று எழுத வேண்டும்.

ஒரு போஸ்டருக்கு மூன்று நடுவர்கள். ஐந்து நிமிஷம் பேச்சு, மூன்று நிமிஷம் கேள்வி. நடுவர்களில் ஒருவர் எல்லோருக்கும் 9 போடுவார், இன்னொருவருக்கு 6 போடவே மனசு வராது. மார்க்கை வெறுமனே கூட்டினால் தாராளமான நடுவர் வாய்த்தவருக்கே பரிசு போகும். அதனால் ஒவ்வொரு நடுவரின் மார்க்கையும் அவருடைய சொந்தச் சராசரியோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். தன் மாணவருக்குத் தானே நடுவராக உட்காருவதும் கூடாது.

சான்றிதழில் பெயர்தான் பெரிய வம்பு. இங்கே கடைசிப் பெயரை வைத்துத்தான் எல்லாம். நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் அப்பா பெயர் வந்து உட்கார்ந்துவிடும். பெண்ணுக்குப் பரிசு, மேடையில் கூப்பிடுவது அவள் அப்பாவை! எப்படி எழுத வேண்டும், எப்படி உச்சரிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, பட்டியலில் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன்.

அப்பா தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலின் பிறந்தது இந்த ஊரில்தான். 1921-ல் அதைக் கண்டுபிடித்த டாக்டர் பான்டிங்கோடு நின்று வேலை செய்த சார்லஸ் பெஸ்ட் 22 வயதுப் பையன். 1923-ல் நோபல் பரிசு பான்டிங்குக்கும், அவர்களுக்கு லேப் கொடுத்த பேராசிரியர் மக்லௌடுக்கும் போனது. பெஸ்ட் பெயர் அதில் இல்லை. பான்டிங் தன் பங்குப் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். எல்லோருக்கும் பான்டிங் வாய்ப்பாரா? போஸ்டரில் யார் பெயர் முதலில், யார் பெயர் அடுத்து என்பதை வேலை தொடங்கும்போதே கைடிடம் கேட்டு மெயிலில் வாங்கிக்கொள்ளச் சொல் கயலை.

விழாவில் சமோசா மிஞ்சியது, மூன்று நாள் எனக்கு அதுதான். ருசியாகத்தான் இருந்தது. குளிரில் இட்லி மாவு புளிக்காது. ஓவனைச் சூடேற்றாமல் உள்விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க உள்ளே வைத்தால் பொங்கிவிடும். புது வீடு தரைக்குக் கீழே இருக்கிறது, சத்தமே கிடையாது.

பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தாவைப் பற்றிச் சொன்னேனே. அத்தி மரத்தைப் பனிக்காலத்துக்கு முன் ஒரு பக்கம் வேரறுத்து, வளைத்துக் குழியில் படுக்க வைத்து, மேலே பலகையும் மண்ணும் போட்டு மூடியவர். போன வாரம் தோண்டி நிமிர்த்தினார். ஜன்னல் வழியாக ஈரமண் வாசனை வந்தது. கொல்லையில் அம்மா வாழைக்கன்று பெயர்க்கும்போது வருமே, அதே வாசனை. மிக்ஸியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். மாவு பாதியில் கிடந்தது.

சரி, வீட்டு விஷயம். பவர் பத்திரத்தில் இந்தியத் தூதரக அத்தாட்சி வாங்கி அடுத்த வாரம் அனுப்புகிறேன். உன் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், அத்தானிடம் சொல்லி வை. கிழக்கு வேலிக்குச் சித்தப்பாவிடம் நீ பேசாதே, அத்தான் பேசட்டும். இந்த மாதப் பணம் பத்து நாள் தாமதமாக வரும்; ஜூலைக்கு வேலை நீட்டிப்புக் கடிதம் வர வேண்டியிருக்கிறது, வந்துவிடும். இதை எழுதிய தாளை மட்டும் அப்பாவிடம் கொடுக்காதே. இன்சுலினை ஃப்ரீஸருக்குப் பக்கத்தில் வைக்காதே, உறைந்தால் தூக்கித்தான் போட வேண்டும்.

கயல் போஸ்டரை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்பட்டும்.

அன்புடன்,
தம்பி