காப்பீட்டு முகவர் தேர்வில் தேறியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தேர்வு எழுதித் தேறிவிட்டு, அடுத்து என்ன என்று நிற்கும் புதியவர்களுக்கு,

வணக்கம். லைசென்ஸை நம் பேரிலேயே எடுப்பதா, பாலிசி விற்கும் முகவர் நிறுவனம் ஒன்று தொடங்கி அதன் பேரில் எடுப்பதா என்ற குழப்பத்தில் உங்களில் பலர் இருப்பீர்கள். வேறு சிலரை அப்படிப்பட்ட ஏதாவது ஒரு நிறுவனம் ஏற்கெனவே கூப்பிட்டிருக்கும். "லைசென்ஸ் எங்களிடம் இருக்கிறது, நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும்" என்று சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இந்த மடல்.

நிறுவனத்துக்கு வாய் கிடையாது. வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்து பாலிசியை விளக்குகிறவர் ஓர் ஆள்தான். அதனால் பல நாடுகளில் நிறுவனத்தின் லைசென்ஸ், விற்கிற ஆளின் லைசென்ஸுக்கு ஈடாகாது. அமெரிக்க மாநிலங்கள் நிறுவனத்துக்குத் தனி லைசென்ஸ் தருகின்றன. ஆனால் அங்கே பாலிசி விற்கிற ஒவ்வொருவருக்கும் சொந்த லைசென்ஸும் வேண்டும். இந்தியாவில் நிறுவன முகவராகப் பதிவு செய்த இடத்திலும், விற்பதற்கென்று பயிற்சி பெற்றுத் தேர்வில் தேறிச் சான்று வாங்கியவர்தான் விற்கலாம். பிரிட்டனில் நடைமுறை வேறு. அங்கே அனுமதி நிறுவனத்துக்கு. ஊழியரின் தகுதிக்கு நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டம் இதில் எந்த வகை என்று கூப்பிடுகிறவரிடம் கேட்காதீர்கள். காப்பீட்டுத் துறையைக் கண்காணிக்கும் ஆணையத்தின் விதியை எடுத்து நீங்களே படியுங்கள்.

இனி என் கதை. ஆறு வருடம் தனி முகவராக இருந்தேன். பிறகு தெரிந்த ஒருவர் நிறுவனம் தொடங்கினார். நிறுவனத்தின் விண்ணப்பத்தில், சட்டப்படி நடப்பதற்குப் பொறுப்பேற்கும் லைசென்ஸ்தாரர் என்று ஓர் ஆளின் பெயரைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் மாநிலங்கள் முன்மாதிரியாக வைத்துக்கொள்ளும் மாதிரிச் சட்டத்தில் இந்தப் பொறுப்பு உண்டு. இந்தியாவில் முதன்மை அலுவலர் என்பார்கள். அந்த இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். மாதம் ஒரு சிறு தொகை தருவதாகவும் சொன்னார். படிவத்தில் அது ஒரே ஒரு வரி. கையெழுத்துப் போட்டேன். அந்த அலுவலகத்துக்கு மாதம் இரண்டு முறை போனால் அதிகம். போனால் காப்பி குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஆணையத்திலிருந்து ஓர் உறை வந்தது. நிறுவனத்தின் பேருக்கு அல்ல, என் பேருக்கு, என் வீட்டு விலாசத்துக்கு. உள்ளே ஒரு மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தின் நகல் இருந்தது. முன்பே ஏதாவது நோய் உண்டா என்ற கேள்விக்கு நீல மையில் 'இல்லை' என்று டிக் போட்டிருந்தது. கீழே வாடிக்கையாளரின் கையெழுத்து கறுப்பு மையில். இரண்டு பேனா, இரண்டு கை. அதற்கும் கீழே, கொஞ்சம் சாய்வாக, என் பெயரும் லைசென்ஸ் எண்ணும் உள்ள ரப்பர் முத்திரை. அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. அலுவலகத்தில் போன் எடுக்க வைத்திருந்த பையன், லைசென்ஸ் எதுவும் இல்லாதவன், "சர்க்கரையெல்லாம் எழுத வேண்டாம் சார்" என்று சொல்லி நிரப்பியிருக்கிறான். முத்திரை மேஜை டிராயரிலேயே கிடந்திருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு கிளைம் போட்டபோது, நோயை மறைத்ததாகச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டது.

எனக்குத் தெரியாது என்றுதான் பதில் எழுதினேன். தெரிந்திருக்க வேண்டியது உங்கள் வேலை அல்லவா என்று திரும்பக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பொறுப்பில் ஓர் ஆளைப் பேர் சொல்லிப் போடச் சொல்வதே அதற்குத்தான். லைசென்ஸ் போகவில்லை, எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும், 'உங்கள்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டதுண்டா' என்ற கட்டத்தில் ஆமாம் என்று குறித்து, விளக்கக் கடிதம் இணைத்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றும் மாநிலங்களில் இது இன்னும் கடுமை: ஒரு மாநிலத்தில் நடவடிக்கை வந்து முடிவானால், லைசென்ஸ் உள்ள மற்ற மாநிலங்களுக்கும் 30 நாளுக்குள் நாமே தெரிவிக்க வேண்டும்.

இதைச் சொல்வதால் நிறுவனமே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து தொழில் செய்வதாக இருந்தால், நாளைக்குப் பிள்ளைகளுக்கோ வேறொருவருக்கோ கைமாற்ற நினைத்தால், நிறுவனம்தான் வசதி. சில நாடுகளில் விற்கக்கூடிய சரக்கும் கூடும். இந்தியாவில் தனி முகவர் ஆயுள், பொது, மருத்துவம் என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரே ஒரு காப்பீட்டு நிறுவனத்தோடுதான் இணையலாம். நிறுவன முகவர் வகைக்கு ஒன்பது வரை இணையலாம் என்று 2022-இல் ஆக்கிவிட்டார்கள். வாடிக்கையாளர் முன்னால் மூன்று நான்கு பாலிசிகளை வைத்து ஒப்பிட்டுக் காட்டுவதன் அருமை, ஒன்றையே பிடித்துக்கொண்டு ஆறு வருடம் அலைந்த எனக்குத் தெரியும்.

வரிக்காக மட்டும் கம்பெனி தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலிசி பிடிப்பது உங்கள் லைசென்ஸில், கமிஷன் போவது லைசென்ஸ் இல்லாத கம்பெனியின் கணக்குக்கு என்று வைத்துக்கொண்டால், அதுவே பல இடங்களில் விதிமீறல். கணக்கர் இதைச் சொல்ல மாட்டார், அவருக்கு வரிச் சட்டம்தான் தெரியும். பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனி என்பதால் நாமே தவறாகச் சொல்லி விற்ற பாலிசிக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். அந்தப் பயத்துக்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஊருக்கெல்லாம் பாலிசி விற்கிற நம்மில் எத்தனை பேர் அதை எடுத்திருக்கிறோம் என்பது வேறு கதை. நிறுவனத்தின் பெயரை ஆணையம் ஏற்றுக்கொள்ளும் முன்னால் விசிட்டிங் கார்டு அடித்துவிடாதீர்கள்.

இன்னொருவர் நிறுவனத்தில் சேர்வதாக இருந்தால் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைத் தேடிப் படியுங்கள். ஒன்று, நீங்கள் விலகினால், பாலிசி புதுப்பிக்கப்படும்போதெல்லாம் வரும் ரினியூவல் கமிஷன் யாருக்கு. நான் விலகியபோது நான் பிடித்துக் கொடுத்த பாலிசிகள் அத்தனையும் அங்கேயே நின்றுவிட்டன. வாடிக்கையாளர் எனக்கு போன் செய்கிறார், கமிஷன் அங்கே போகிறது. இரண்டாவது, பாலிசி சீக்கிரமே காலாவதியானால் கொடுத்த கமிஷனைக் காப்பீட்டு நிறுவனம் திரும்பப் பிடிக்கும். அந்தப் பிடித்தம் யார் தலையில்? நல்ல மாதங்களில் யாரும் இதைப் பேசுவதில்லை.

லைசென்ஸைத் தக்கவைக்கத் தொடர்ந்து எடுக்க வேண்டிய பயிற்சி நேரக் கணக்கும் உங்களுடையதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் வருடத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம், அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இரண்டு வருடத்துக்கு 24 மணி நேரம். நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டு லைசென்ஸைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே எங்காவது பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? வாரம் ஒரு நாள் போய்க் கோப்புகளைப் பிரித்துப் பாருங்கள். யார் யார் போன் எடுக்கிறார்கள், அவர்களில் யாரிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று பட்டியல் கேளுங்கள். தயங்கினால் விலகிவிடுங்கள். விலகும்போது உரிமையாளரிடம் வாயால் சொன்னது போதாது. ஆணையத்துக்கு நீங்களே எழுதி, பெயர் நீக்கப்பட்டதற்கான ஒப்புதலைக் கையில் வாங்குங்கள். எனக்கு இரண்டு கடிதமும் நான்கு மாதமும் ஆனது. முத்திரையை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டேன். அதற்காக இன்னொரு தடவை போக வேண்டியிருந்தது.

அன்புடன்,
இப்போது மறுபடியும் தன் பேரில் மட்டும் தொழில் செய்யும் ஒரு முகவர்