தோண்டுவதற்கு முன் ஒரு தாள் ஒட்டுங்கள்

புதுச்சேரி நகருக்குள் வீதிகளைத் தோண்டும் துறையினருக்கும், வண்டிகளைத் திருப்பிவிடும் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்களுக்கும்,

வணக்கம். குழாய் பதிக்கவும் கேபிள் போடவும் வீதியைத் தோண்டித்தான் ஆக வேண்டும். வேலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது எப்படி நடக்கிறது? வண்டி நிறுத்த வீட்டுக்குள் இடமில்லாதவர்கள் ராத்திரி வாசலோரம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் படுக்கிறோம். காலையில் கதவைத் திறந்தால் எதிரே ஜேசிபி உறுமிக்கொண்டிருக்கிறது, மண்மேட்டில் ஈரம் காயாத பெயின்ட்டில் ‘நோ பார்க்கிங்’ பலகை, வண்டியைக் காணோம். பலகைக்கு முன்பே வந்து நின்ற வண்டிக்கு அபராதம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

கடற்கரைச் சாலையைப் பாருங்கள். தினமும் மாலை 6 மணிக்கு அடைத்து, காலை 7.30-க்குத் திறக்கிறீர்கள். யாராவது முணுமுணுக்கிறோமா? நேரம் தெரியும், அதற்கேற்ப வண்டியை வேறு எங்காவது விட்டுவிட்டு நடக்கிறோம். அடைப்பதில் சிக்கல் இல்லை, தெரியாமல் போய் மாட்டுவதில்தான்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவுப்படி, ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை; ஆனால் அந்தப் பகுதி மக்களுக்கு முடிந்த வகையில் தெரியப்படுத்தியாக வேண்டும். பள்ளத்துக்குப் பக்கத்தில் கயிறு கட்டி, சிவப்புத் துணி சுற்றிய மரக்கிளையை நட்டுவிடுவது அறிவிப்பு ஆகாது.

நம் ஊர் வீதிகள் கோடு போட்ட மாதிரி நேர் நேராக ஓடி, குறுக்கு வீதிகளோடு வெட்டிக்கொள்பவை. முந்தைய சந்திப்பிலேயே ஒரு பலகை வைத்தால் சுலபமாகத் திரும்பிவிடலாம். பள்ளத்தின் விளிம்பு வரை வரவிட்டால்? பின்னால் ஆட்டோ, அதன் பின்னால் காய்கறி டெம்போ. கடைசியில் எல்லோரும் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் புகுந்து, அதற்கும் ஒரு அபராதம். பெரிய மார்க்கெட்டைச் சுற்றி இந்தக் கூத்தைப் பார்க்கத் தனியாக டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. அப்புறம், ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் இருக்கும்போது, அதற்கு இணையாக ஓடும் மிஷன் வீதியிலும் கை வைக்காதீர்கள்.

வேலை தொடங்க இரண்டு நாள் முன்பு வீதியின் இரு முனையிலும், நடுவில் உள்ள டீக்கடைச் சுவரிலும் ஒரு தாள் ஒட்டுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை மணிக்கு, அதுவரை வண்டியை எங்கே விடுவது, கடைக்குச் சரக்கு இறக்க எந்த நேரம், பொறுப்பான பொறியாளரின் தொலைபேசி எண் எது என்று அதில் தமிழில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். வேலை இழுத்துக்கொண்டு போனால் புதுத் தேதியைப் போட்டு இன்னொரு தாள் ஒட்டுங்கள். நாங்களே பசை வாங்கித் தருகிறோம்.

இப்படிக்கு,
வீதியோரம் வண்டி நிறுத்தும் ஒருவன்