கோரையும் புல்லும்: நம் இயற்கை நடை வட்டத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

போன ஆண்டறிக்கை நீளம் என்று பொருளாளர் குறைபட்டுக்கொண்டார். இந்த ஆண்டும் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அதற்காகவாவது முழுதும் படிப்பீர்கள்.

ஆண்டுத் தொடக்கத்தில் நாம் 19 குடும்பங்கள். இப்போது 26. மொத்தம் 11 நடைகள் போனோம். மே மாத நடை மட்டும் இடிமழையால் நின்றது. செயற்குழு நான்கு முறை கூடியது. அதில் இரண்டு கூட்டம் பார்க்கிங்கில் நின்றபடியே நடந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. நாம் குடியிருக்கும் இந்த இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒரு காலத்தில் சுமார் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் பிரெய்ரி இருந்தது. ஆள் உயரப் புல்வெளி. ஜான் டீர் 1837இல் இங்கேதான், கிராண்ட் டிட்டூர் என்ற ஊரில், எஃகுக் கலப்பை செய்தார். களிமண் ஒட்டாத அந்தக் கலப்பை வந்தபிறகு புல்வெளி மக்காச்சோளக் காடாக மாறியது. சதுப்பு நிலத்துக்கு அடியில் குழாய் பதித்துத் தண்ணீரை வடித்தார்கள். ஈரநிலத்திலும் பத்தில் ஒன்பது பங்கு போயிற்று. கலப்பை படாத நல்ல பிரெய்ரி என்று இன்று மிஞ்சியிருப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ரயில் பாதை ஓரம், பழைய கல்லறைத் தோட்டம், காட்டுக் காப்பகம் என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. அந்தத் துண்டுகளுக்குப் போய், எது இந்த மண்ணுடையது, எது வந்தேறியது என்று கண்டுபிடிக்கப் பழகுவதுதான் நம் வட்டத்தின் வேலை.

மார்ச்சில் தவளை நடை. கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை, காதுக்குத்தான் விருந்து. கோரஸ் தவளை கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். சீப்பின் பற்களை விரலால் மெல்ல இழுத்தால் வருகிற 'க்ர்ர்ரிக்' சத்தம்தான் அதன் பாட்டு. ஒரு பையன் நிஜமாகவே சீப்பு எடுத்து வந்து இழுத்துக் காட்டினான். குட்டையில் எல்லாம் ஒரே நொடியில் வாயை மூடிக்கொண்டன. ஐந்து நிமிடம் குளிரில் அசையாமல் நின்றபிறகுதான் ஒன்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தது. அப்புறம் மொத்தக் குட்டையும் சேர்ந்துகொண்டது.

ஜூனில் சிள்வண்டு. 17 ஆண்டுக்கு ஒருமுறை மண்ணிலிருந்து வெளிவரும் கூட்டமும் 13 ஆண்டுக்கு ஒருமுறை வரும் கூட்டமும் 1803க்குப் பிறகு முதன்முறையாக ஒரே ஆண்டில் இந்த மாநிலத்தில் வெளிவந்தன. நம் பக்கம் வந்தது 17 ஆண்டுக் கூட்டம். அது மரங்களின் பூச்சி, நம் புல்வெளிக்கு அதிகத் தொடர்பில்லை. ஆனால் அந்த இரைச்சலில் அந்த மாதம் பறவைக் குரல் எதையும் அடையாளம் காண முடியவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஒரே விதிவிலக்கு செந்தோள் கரும்பறவை. கூட்டுக்குப் பக்கத்தில் போனால் தலையில் வந்து கொத்தும். நம் பொருளாளரைக் கேட்டால் சொல்வார். இப்போது தொப்பி இல்லாமல் அவர் வருவதே இல்லை.

இந்த ஆண்டின் பெரிய விஷயம் கோரை. மூன்று வருடமாக நம் பட்டியலில் 'புல், அடையாளம் தெரியவில்லை' என்ற வரி வளர்ந்துகொண்டே போனது. பூத்தால் எந்தச் செடியையும் ஒருவாறு கண்டுபிடித்துவிடுகிறோம். ஈரப் புல்வெளியில் பச்சையாக நிற்கும் ஈர்க்குக் கூட்டத்துக்கு முன்னால் போன் செயலியும் திணறுகிறது. ஒரே செடிக்கு இரண்டு படம் எடுத்தால் இரண்டு பெயர் சொல்கிறது.

ஜூன் நடைக்கு ஓர் உறுப்பினரின் அம்மா வந்திருந்தார். திருவாரூர் பக்கம், வயல் வேலை பார்த்தே வளர்ந்தவர்; ஆறு மாத விசாவில் பேரனைப் பார்க்க வந்தவர். நாங்கள் ஏழு பேர் குனிந்து நின்று விவாதம் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஒரு தண்டைக் கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினார்.

"இதுல என்னப்பா சந்தேகம்? கோரைதான். உருட்டிப் பாரு தம்பி, மூணு முனை தட்டுப்படும். புல்லுன்னா கணு இருக்கும்ல."

உருட்டினேன். தட்டுப்பட்டது. முக்கோணத் தண்டு, உள்ளே பஞ்சு மாதிரி திடம், கணு இல்லை. பக்கத்திலிருந்த புல்லை உருட்டினால் வழுக்கிக்கொண்டு உருள்கிறது, கணுவில் விரல் தடுக்குகிறது. பத்தமடைப் பாய் நெய்வது கோரையில்தான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். கையில் இருப்பது அதன் பங்காளி என்று மட்டும் தோன்றவில்லை. அன்று ஒரு மணி நேரத்தில் பட்டியலின் பாதி வரிகள் புல் பக்கத்திலிருந்து கோரைப் பக்கத்துக்கு மாறின. (வட்டத் தண்டு உள்ள கோரையும் உண்டு என்பதைக் குளக்கரையில் பிறகு தெரிந்துகொண்டோம். எல்லாவற்றுக்கும் ஒரு விரல் போதாது.)

இங்கே தன்னார்வலர்கள் கோரை விதை தூவுகிறார்கள், நாற்றுகூட விலைக்கு வாங்கி நடுகிறார்கள் என்று சொன்னதும் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "பிடுங்கிப் பிடுங்கியே எங்க கை காய்ச்சுப்போச்சு. இவங்க காசு குடுத்து நடுறாங்களா!"

அவர் வந்துபோனபிறகு நமக்கு ஒரு வழி கிடைத்தது. ஊரில் தெரிந்த செடியிலிருந்து தொடங்குவது. வாய்க்கால் சம்பு இங்கேயும் சம்புதான். ஆனால் கதிரைக் கவனிக்க வேண்டும்: மேலே ஆண் பகுதியும் கீழே பழுப்புப் பெண் பகுதியும் ஒட்டியே இருந்தால் இந்த மண்ணின் அகல இலைச் சம்பு. நடுவே விரல் வைக்கிற அளவு வெற்றுத் தண்டு தெரிந்தால் குறுகிய இலைச் சம்பு, சதுப்பையே அடைத்துக்கொள்ளும் வகை. எருக்கம்பாலைத் தெரிந்தவர்களுக்கு மில்க்வீடைச் சொல்லித்தரவே வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பம். ஊரில் எருக்கில் முட்டையிடும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியும் இங்கே மில்க்வீடில் முட்டையிடும் மோனார்க் வண்ணத்துப்பூச்சியும் நெருங்கிய உறவு. மோனார்க் வேஷம் போடும் வைஸ்ராய் வண்ணத்துப்பூச்சியைப் பின்சிறகில் குறுக்கே ஓடும் கறுப்புக் கோட்டை வைத்துப் பிரிக்கலாம். மோனார்க்கை அழியும் அபாயமுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்க அமெரிக்க அரசு 2024 டிசம்பரில் முன்மொழிந்தது. வீட்டுத் தோட்டத்தில் இடமிருப்பவர்கள் சதுப்பு மில்க்வீட் நாற்றுக்கு என்னிடம் சொல்லிவையுங்கள்.

ஆகஸ்டில் கிராஸ் லேக் ஏரிக்குப் போய் மஞ்சள் தாமரை பார்த்தோம். கொண்டுவந்து விட்டதல்ல, இந்த மண்ணின் சொந்தத் தாமரை. அல்லி இலையில் வெட்டு இருக்கும். தாமரை இலை வெட்டில்லாத முழு வட்டம், காம்பு நடுவில் பிடித்திருக்கும். இதைக் கேட்டதும் இரண்டு பேர் அவசரமாகத் தங்கள் வீட்டுக் கோலப் படங்களைப் போனில் தேடிப் பார்த்தார்கள்.

இனி ஜூலை. அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். காப்பகம் ஒன்றில் ஊதா லூஸ்ஸ்ட்ரைஃப் பிடுங்கும் பணிக்குப் போனோம். ஐரோப்பாவிலிருந்து வந்த களை. ஒரே செடி ஆண்டுக்கு 20 லட்சம் விதைவரை உதிர்க்கும் என்பார்கள். ஊதா நிறக் கதிர், ஈர நிலம், நான்கு பட்டைத் தண்டு. பார்த்தவுடன் நான்தான் முதலில் பிடுங்கினேன்; என்னைப் பார்த்துப் பிள்ளைகளும் பிடுங்கினார்கள். நாற்பது செடி போல ஆனபிறகு பராமரிப்பாளர் வந்தார். திட்டவில்லை. எங்கள் செடி ஒன்றையும் உண்மையான லூஸ்ஸ்ட்ரைஃப் ஒன்றையும் லாரியின் பின்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எங்களுடையதில் இலை விளிம்பு ரம்பப் பல். அதனுடையது மழமழவென்று இருந்தது. எங்களுடையதில் குத்துவிளக்குத் திரி போலப் பல மெல்லிய கதிர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வளையம் மட்டும் பூத்திருந்தது. அதனுடையதில் கதிர் நெடுகப் பூ. நாங்கள் பிடுங்கியது நீல வெர்வேன், இந்த மண்ணின் செடி. செயலியில் ஒரு படம்கூட எடுத்துப் பார்க்காதது என் தவறு, வேறு யாருடையதும் அல்ல. அக்டோபரில் அதே இடத்தில் வெர்வேன் விதை சேகரித்துத் தூவக் கொடுத்துவிட்டு வந்தோம். இனி பிடுங்கும் முன் இரண்டு பேர் தனித்தனியாகப் பெயர் சொல்ல வேண்டும் என்று செயற்குழு விதி செய்திருக்கிறது.

செப்டம்பரில் மிடேவின். இரண்டாம் உலகப்போரில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த இடம், 1996 முதல் தேசியப் பிரெய்ரி. 2015இல் விடப்பட்ட பைசன் என்ற காட்டெருதுகள் தொலைவில் பழுப்புப் புள்ளிகளாகத்தான் தெரிந்தன, பிள்ளைகளுக்கு ஏமாற்றம். அதை ஈடுகட்டியது ஒரு செடி. பிரெய்ரி டாக்கின் இலை யானைக்காது அளவு, சொரசொரப்பு. ஆழ வேரிலிருந்து நீர் ஏறுவதால் நல்ல வெயிலிலும் தொட்டால் குளிரும். வரிசையாக நின்று எல்லாரும் கன்னத்தை வைத்துப் பார்த்தார்கள், செயற்குழு உட்பட. பெரிய புளூஸ்டெம் புல்லின் கதிர் மூன்றாகப் பிரிந்து பறவைக் கால் போல இருப்பதால் நம் பட்டியலில் அதற்கு 'வான்கோழிக்கால்' என்று பெயர் வைத்தாயிற்று.

எச்சரிக்கை: காட்டுப் பார்ஸ்னிப் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரும். வீடு திரும்பியதும் உண்ணி பார்க்கவும், காலுறைக்குள்ளும்.

கணக்கு: சந்தாவில் வந்தது 520 டாலர். உருப்பெருக்கி, கையுறை, தேநீர்ச் செலவு 431. இருப்பு 89. தேநீருக்கு அதிகம் என்று ஆட்சேபம் உள்ளவர்கள் மார்ச் மாதக் குளிரில் குட்டைக்கரையில் நின்றுவிட்டு வந்து பேசலாம்.

அடுத்த தவளை நடை மார்ச் கடைசிச் சனிக்கிழமை மாலை. ரப்பர் பூட்ஸ், டார்ச் கொண்டுவரவும். சீப்பு வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்