டிரிகரில் இருந்து விரலை எடுக்கச் சொல்லுங்கள்: தமிழ் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கும் சண்டைப் பயிற்சி இயக்குநர்களுக்கும்,

வணக்கம். நான் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். கதை, வசனம், நடிப்பு பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. உங்கள் படங்களில் துப்பாக்கியைப் பிடிக்கிற கையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நம் ஊரில் பெரும்பாலானோர் நிஜத் துப்பாக்கியைத் தொட்டதே கிடையாது. வங்கி வாசலில் காவலாளியின் தோளில் தொங்குவதையும் அமைச்சர் வரும்போது போலீஸ்காரர் கையில் இருப்பதையும் தூரத்தில் இருந்து பார்த்திருப்பார்கள். மற்றதெல்லாம் நீங்கள் காட்டியதுதான். அந்தக் காவலாளியும் போலீஸ்காரரும், உரிமம் வாங்கி வீட்டில் ரிவால்வர் வைத்திருக்கிற பெரிய மனிதரும்கூடச் சின்ன வயதில் உங்கள் படங்களுக்கு விசில் அடித்தவர்களாகத்தான் இருப்பார்கள். பயிற்சி அவர்களுக்குப் பின்னால்தான் கிடைக்கிறது. கைப்பழக்கம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

உங்கள் போஸ்டர்களைப் பாருங்கள். கதாநாயகன் ஓடுகிறான், போனில் பேசுகிறான், படி ஏறுகிறான், நாயகியை அணைத்துக்கொள்கிறான். எல்லா நேரமும் அவன் விரல் டிரிகரின் மேலேயே இருக்கிறது. கால் தடுக்கினாலோ திடுக்கிட்டாலோ மனிதன் கையை இறுக்குவான். ஒரு கையால் எதையாவது பலமாகப் பிடித்தால் இன்னொரு கையின் விரல்களும் தானாக மடங்கலாம். இது நாம் நினைத்துச் செய்வதில்லை. அதனால்தான் சுடுவது என்று முடிவு செய்கிற வரை விரலை டிரிகர் வளையத்துக்கு வெளியே, துப்பாக்கியின் உடம்போடு ஒட்டி நீட்டி வைக்கச் சொல்லித் தருகிறோம். திரையில் அது இன்னும் கெத்தாகத்தான் தெரியும், நம்புங்கள்.

அப்புறம் அந்த 'காலித் துப்பாக்கி'. 'அதில் குண்டு இல்லை என்று நினைத்தேன்' என்பதுதான் தவறிச் சுட்ட பிறகு எல்லோரும் சொல்கிற பேச்சு. பொய் சொல்வதில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பிஸ்டலில் இருந்து மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை, கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று உங்கள் படங்கள் நம்ப வைத்திருக்கின்றன. மேகசினை எடுத்த பிறகும் சேம்பரில், அதாவது சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடத்தில், ஒரு ரவுண்டு (தோட்டா) இருக்கலாம். பல பிஸ்டல்கள் மேகசின் இல்லாமலே அந்த ஒன்றைச் சுட்டுவிடும். எதை முதலில் செய்கிறோம் என்பதிலும் ஆபத்து உண்டு. முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், பிறகு ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே பின்னுக்கு நகரும் பகுதியை, இழுத்துச் சேம்பரில் இருப்பதை வெளியே தள்ள வேண்டும், அதன் பிறகு கண்ணால் பார்க்க வேண்டும். முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டு மேகசினைக் கழற்றினால், பழைய ரவுண்டு வெளியே விழும்போதே மேகசினில் இருந்து புது ரவுண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடும். ஒரு குண்டு கீழே விழுந்ததைப் பார்த்தவன் துப்பாக்கி காலியாகிவிட்டது என்றே நினைப்பான். துடைக்க உட்கார்ந்த இடத்தில் வெடிக்கிற சம்பவங்களில் பல இப்படி நடப்பவைதான்.

எங்களுக்கு ஃபயரிங் முடிந்ததும் 'ஜாஞ்ச் சஸ்த்ர' என்று கட்டளை வரும். குழாய் முனை இலக்கைப் பார்த்தபடி இருக்க, ஆயுதத்தைத் திறந்து காட்டுவோம். ஒருவர் ஒவ்வொன்றாகச் சேம்பரைப் பார்த்துக்கொண்டே வருவார். அது முடியாமல் கோத்துக்கு, அதாவது ஆயுத அறைக்கு, ஒரு துப்பாக்கியும் திரும்பாது. இருபது வருடம் சர்வீஸ் ஆனவனுக்கும் இதில் விலக்கு கிடையாது. உங்கள் படத்திலோ நாயகன் துப்பாக்கியை நண்பனிடம் தூக்கிப் போடுகிறான், நண்பன் அதை ஒரு கையில் பிடிக்கிறான், தியேட்டர் கைதட்டுகிறது.

கையில் இருந்து நழுவினால் என்ன ஆகும் என்பதற்குத் தூரமாகத் தேட வேண்டாம். 2024 அக்டோபர் 1 அன்று அதிகாலை மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தாவின் காலில் அவருடைய சொந்த ரிவால்வரின் குண்டே பாய்ந்தது. உரிமம் பெற்ற துப்பாக்கிதான். கை தவறி விழுந்து வெடித்தது என்று அவர் தரப்பில் சொன்னார்கள். அறுவை சிகிச்சையில் குண்டை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார்.

படப்பிடிப்புத் தளத்திலேயே உயிர் போயிருக்கிறது. 1984-இல் அமெரிக்க நடிகர் ஜான் எரிக் ஹெக்ஸம் இடைவேளையில் விளையாட்டாகத் துப்பாக்கியைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து டிரிகரை அழுத்தினார். உள்ளே இருந்தது குண்டு இல்லாத வெற்றுத் தோட்டா. அவ்வளவு அருகில் மருந்து வெடித்து வருகிற வேகமே மண்டை ஓட்டை உடைத்தது. 1993-இல் அமெரிக்க நடிகர் பிராண்டன் லீ இறந்ததற்கு இரண்டு தவறுகள் சேர வேண்டியிருந்தது. மருந்தை எடுத்துவிட்டுச் செய்த போலித் தோட்டாவில் இருந்து ஈயக் குண்டு மட்டும் குழாய்க்குள் போய்ச் சிக்கியிருந்தது. குழாயை யாரும் பார்க்கவில்லை. பின்னால் வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டபோது அது நிஜத் தோட்டாவாகவே வேலை செய்தது. 2021 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நடந்த படப்பிடிப்பில் குண்டு பாய்ந்து ஒளிப்பதிவாளர் ஹாலினா ஹட்சின்ஸ் இறந்தார். துப்பாக்கி பாதுகாப்பானது என்று உதவி இயக்குநர் அறிவித்திருந்தார், ஆனால் போலித் தோட்டாக்களோடு ஒரு நிஜத் தோட்டா கலந்திருந்தது. ஆயுதங்களுக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணுக்கு 2024-இல் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. துப்பாக்கி முனை நெருப்பைக் கிராபிக்ஸில் சேர்க்க முடிகிற இந்தக் காலத்தில், வெடிக்கக்கூடிய எதையும் செட்டுக்குள் விடாதீர்கள்.

கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுடுகிற காட்சிகளையும் விட்டுவிடுங்கள். மேலே போன குண்டு எங்கேயோ ஓரிடத்தில் இறங்கத்தான் செய்யும். கொண்டாட்டத்துக்காக அசட்டையாகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019-இல் ஆயுதச் சட்டத்தில் சேர்த்தார்கள். குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலை அருகே சுடும் தளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில், வெகு தூரம் தள்ளி ஒரு வீட்டில் இருந்த பதினோரு வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. நான்கு நாள் கழித்து அவன் இறந்துபோனான். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே சுட வேண்டும் என்பது எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிற பாடம். பயிற்சி பெற்ற படையினர் சுடுகிற தளத்தைச் சுற்றியே இப்படி நடக்கும் என்றால், கல்யாண வீட்டு மாடியைப் பற்றி என்ன சொல்ல?

புகையிலைக்குப் போடுவது போல இதற்கும் ஓர் எச்சரிக்கை வாசகம் போடுங்கள் என்று கேட்கவில்லை. அதை யாரும் படிப்பதில்லை. துப்பாக்கியைக் கைமாற்றும் காட்சி வந்தால், நாயகன் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும். மூன்று வினாடிகூட ஆகாது. அவன் தொழில் தெரிந்தவன் என்பது ஒரு வரி வசனம் இல்லாமலே புரிந்துவிடும். நகைச்சுவை நடிகர் துப்பாக்கியை நண்பர்கள் பக்கம் திருப்பினால், யாராவது ஒருவர் அதைத் தரைப் பக்கம் தட்டிவிட்டுத் திட்டட்டும். சிரிப்பு குறையாது.

சொல்லித்தர ஆள் வேண்டும் என்றால், மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கே விசாரித்தால் யாரையாவது கைகாட்டுவார்கள். ஒரு நாள் சம்பளமும் மதியச் சாப்பாடும் கொடுத்தால் போதும். சண்டைக் காட்சி எடுக்கிற அன்று காலையிலேயே வரச் சொல்லுங்கள், வெடித்த பிறகு கூப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர்,
வேலூர் மாவட்டம்