எட்டு ஆமாம், ஓர் இல்லை

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
புரட்டாசி இரண்டாம் சனி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தள்ளிப்போனதற்குக் காரணம் சோம்பல் இல்லை, பல். கீழ்வரிசைக் கடைவாய்ப்பல் ஒன்று மூன்று மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. போன செவ்வாய் பிடுங்கிவிட்டார்கள். இந்த மாதம் இங்கே கறி மீன் கிடையாது என்பதால் மெல்லுகிற கஷ்டம் இல்லை, சாம்பார் சாதத்தில் ஓடுகிறது. நம்ம ஊரில் புரட்டாசி என்றால் சனிக்கிழமைதானே பெரிது? இங்கே மாதம் முழுக்க விரதம். 1860-ல் ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்திறங்கியவர்களின் ஐந்தாம் ஆறாம் தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தமிழில் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. ஆனால் ‘பர்ட்டாசி’ என்று சொல்லிக் கோழியைத் தள்ளி வைத்துவிடும். கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் சனிக்கிழமை வகுப்பில் அந்தச் சொல்லைத்தான் முதலில் எழுத வைக்கிறேன்.

மாநிலங்களவையை ‘முதியோர் இல்லம்’ என்றும், மேலவை என்றாலே வெறும் ரப்பர் ஸ்டாம்ப் என்றும் எழுதியிருந்தாய். சுகாதார அமைச்சர் நட்டாவே அங்கே அவை முன்னவராகவும் இருக்கிறார், இதில் ஆஸ்பத்திரியைப் பார்க்க நேரம் ஏது என்று ரெண்டு பக்கம் பொரிந்து தள்ளிவிட்டு, ‘உங்க ஊர் மந்திரிக்கு மேல்சபையில் என்ன வேலை?’ என்று கேட்டிருக்கிறாய். முதல் பாதிக்கு என் பதில்: அதே இல்லத்தில்தான், அதே நட்டா அமைச்சராக இருந்த 2016 ஆகஸ்டில், மனநல மசோதா முதலில் நிறைவேறியது. மக்களவையில் அது அடுத்த வருஷம்தான் நிறைவேறியது. தற்கொலைக்கு முயன்றவரைக் கூண்டில் ஏற்றாதே, கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்று எடுத்துக்கொள் என்று சொன்ன சட்டம் அது. முதியவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள் என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம் நீ.

இரண்டாம் பாதிக்கு ஒரு வரிப் பதில் உண்டு: எங்கள் அமைச்சர் மேலவைக்கு வரலாம், பேசலாம், ஓட்டுப் போட முடியாது.

இங்கே மேலவைக்கு மாகாணங்களின் தேசிய அவை என்று பெயர். 1997-ல் பழைய செனட்டை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். ஒன்பது மாகாணம், மாகாணத்துக்குப் பத்துப் பேர், ஆக மொத்தம் 90. அந்தப் பத்தில் ஆறு பேர் நிரந்தரம். நாலு பேர் மாகாணத்திலிருந்து அவ்வப்போது வந்து போகிறவர்கள். அமைச்சர்களை அதிபர் கீழவையிலிருந்து எடுக்கிறார், வெளியிலிருந்து இரண்டு பேர் வரை சேர்த்துக்கொள்ளலாம். அதனால் சுகாதார அமைச்சர் மேலவைக்கு எப்போதுமே விருந்தாளிதான். உன் நட்டா சொந்த வீட்டில் உட்கார்ந்து பேசுகிறார் என்றால், எங்கள் ஆள் சம்பந்தி வீட்டுக்குப் போனவர் மாதிரி.

கணக்கு வாத்தியாரான எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. மாகாணங்களைத் தொடுகிற மசோதாவாக இருந்தால் (ஆஸ்பத்திரிகளை நடத்துவது மாகாணங்கள்தான், ஆகவே சுகாதாரம் அதில் வந்துவிடும்) 90 பேரும் தனித்தனியாக ஓட்டுப் போட மாட்டார்கள். மாகாணத்துக்கு ஓர் ஓட்டு. பத்துப் பேரும் சேர்ந்து ஒரு குரல். உங்கள் மாநிலங்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31 இடம், தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு ஒன்று. இங்கே நாங்கள் இருக்கும் குவாஸூலு-நட்டாலில் 2022 கணக்கெடுப்புப்படி சுமார் 1.24 கோடிப் பேர்; வடக்கு கேப்பில் 13 லட்சம் சொச்சம். இரண்டுக்கும் அதே ஓர் ஓட்டு. நியாயமா என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். ‘உங்க வீட்டில் நாலு பிள்ளை, பக்கத்து வீட்டில் ஒன்று, கோயில் வரி வீட்டுக்கு ஒன்றுதானே?’ என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் முழுசாக ஒத்துவரவில்லை, ஆனால் வாத்தியார் வெளியே காட்டக்கூடாது.

இப்போது உனக்குத் தெரிந்திருக்க வேண்டிய கதை. தேசிய சுகாதாரக் காப்பீட்டு மசோதா. இந்த நாட்டில் மெடிக்கல் எய்ட் (மாதாமாதம் பணம் கட்டும் தனியார் மருத்துவக் காப்பீடு) வைத்திருப்பவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர் போல. மற்ற எண்பத்து நாலு பேரும் அரசு ஆஸ்பத்திரி, அரசு கிளினிக். ஆனால் நாடு சுகாதாரத்துக்குச் செலவழிக்கிற பணத்தில் கிட்டத்தட்டப் பாதி அந்தப் பதினாறு பேருக்குப் போகிறது. எல்லாப் பணத்தையும் ஒரே நிதியில் போட்டு, அந்த நிதியே அரசு ஆஸ்பத்திரியிடமும் தனியாரிடமும் எல்லோருக்கும் சிகிச்சையை வாங்கட்டும் என்பதுதான் மசோதா. நான் அந்தப் பதினாறில் ஒருவன், மறைக்கவில்லை. என் பல் அரை மணி நேரத்தில் கையில் வந்துவிட்டது, டாக்டர் அறையில் மெல்லிசாக வீணை வேறு. எதிர் வீட்டு ஆயாவுக்கு அப்படி இல்லை.

(இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வருஷம் அது புரியாமல் நான் பட்டது தனிக் கதை.)

ஆயாவுக்கு எண்பது தாண்டியாயிற்று. சுகர், பிரஷர், இரண்டுக்கும் கிளினிக் மாத்திரை. அந்த மாத்திரை இலவசம், நர்ஸுகளும் நல்லவர்கள், பாதிப் பேர் என் வீட்டம்மாவுக்குத் தெரிந்தவர்கள். பிரச்சினை ஃபைல். விடியற்காலை ஐந்து மணிக்கு மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு வரிசையில் போய் உட்கார வேண்டும். ஏழு மணிக்குக் கதவு திறக்கும். ஃபைலைத் தேடுவார்கள். கிடைத்தால் பத்து மணிக்கு டாக்டர். கிடைக்காவிட்டால் புது ஃபைல் போட்டு, முதலிலிருந்து கேள்வி: எப்போதிலிருந்து சுகர், என்ன மாத்திரை, அலர்ஜி உண்டா. ஒரே வருஷத்தில் ஆயாவுக்கு மூன்று ஃபைல். எந்தக் கிளினிக் என்று எழுதவில்லை, எங்கேயும் இதே பாடுதான் என்கிறாள் என் வீட்டம்மா.

2023-ல் மசோதா மேலவைக்கு வந்தபோது ஒவ்வொரு மாகாண சட்டசபையும் ஊர் ஊராக மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். அதுதான் முறை. இங்கே ஒரு மண்டபத்தில் கூட்டம் என்றார்கள், ஆயாவும் வந்தே தீருவேன் என்றாள். ஆரஞ்சுச் சேலை, கையில் அந்த மூன்றாம் ஃபைலின் அட்டை. ஆளுக்கு மூன்று நிமிடம். மெடிக்கல் எய்ட் காரர்கள் பயந்து பேசினார்கள், யூனியன் காரர்கள் கோபமாகப் பேசினார்கள், ஒரு பாதிரியார் நாலு நிமிடம் எடுத்துக்கொண்டார். ஆயாவின் முறை வந்ததும் தமிழும் இங்கிலீஷும் கலந்து ஒரே கேள்வி: ‘சட்டம் வரட்டும், நல்லது. என் ஃபைல் கிடைக்குமா?’

மண்டபமே சிரித்தது. கூட்டத்தை நடத்திய அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் லேப்டாப்போடு இருந்த பையனைப் பார்த்தார், அவன் தட்டினான். என்ன தட்டினான் என்று எட்டிப் பார்க்க முடியவில்லை.

அங்கிருந்து மாகாண சட்டசபை முதலில் ஒரு பேச்சுவார்த்தை ஆணை கொடுக்கும்; இன்ன இன்ன வரியை மாற்றுங்கள் என்று. கடைசியில் இறுதி ஆணை. ஆதரவா எதிர்ப்பா என்று. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் கேப் டவுன் நாடாளுமன்றத்தில் மாகாணக் குழுவின் தலைவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அவருக்கே வேறு எண்ணம் இருந்தாலும் காகிதத்தில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 6, 2023. என் வீட்டம்மா இரவு டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் வரிசைப்படி மாகாணங்களைக் கூப்பிடுவார்கள், மேற்கு கேப் கடைசி. எட்டு மாகாணம் ஆமாம். எங்கள் மாகாணமும் ஆமாம். மேற்கு கேப் மட்டும் இல்லை. அது ஒன்றுதான் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் கையில் இல்லாத மாகாணம், அதனால் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஐந்து இருந்தால் போதும், எட்டு கிடைத்தது. மசோதாவுக்குச் சொந்தக்காரரான அமைச்சர் ஜோ பாஹ்லாவுக்கு அந்த ஒன்பதில் ஒன்றுகூடக் கிடையாது, பார்த்துக்கொள்.

என்னை உறுத்தியது ஓட்டு இல்லை, தேதி. கீழவையில் 2019 ஆகஸ்டில் வைத்த மசோதா. 2023 ஜூனில் 205-க்கு 125 என்று நிறைவேறியது. கிட்டத்தட்ட நாலு வருஷம். மேலவைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, முடிந்தது. அதில் ஒன்பது மாகாணத்துக் கூட்டங்கள், ஆணைகள் எல்லாம். ஒரு திருத்தம் செய்திருந்தால் மசோதா கீழவைக்குத் திரும்பப் போக வேண்டும். ஒரு கமா கூட மாறவில்லை. 2024 மே 15-ல் அதிபர் ராமபோசா கையெழுத்துப் போட்டார். அதே மாதம் 29 தேர்தல். நான் மசோதாவுக்கு எதிரி இல்லை மாப்ளே, ஆயாவின் அட்டையைப் பார்த்தவன் எதிரியாக முடியாது. ஆனால் பரீட்சைப் பேப்பரைத் திறக்காமலே மார்க் போடுகிற வாத்தியாரையும் எனக்குப் பிடிக்காது.

இதில் ஒரு முன்கதை உண்டு, சித்தா காலேஜ் பக்கத்தில் வளர்ந்த உனக்குப் பிடிக்கும். மான்ட்டோ ஷபலாலா-ம்சிமாங் சுகாதார அமைச்சராக இருந்த காலத்தில், 2004-ல், பாரம்பரிய வைத்தியர்களுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கத்து சங்கோமாக்கள், மூலிகைக்காரர்கள் எல்லோரையும் பதிவு செய்கிற சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் மேலவைக் கட்டத்தில் பெரும்பாலான மாகாணங்கள் மக்களைக் கூப்பிட்டுக் கேட்கவே இல்லை. ‘டாக்டர்ஸ் ஃபார் லைஃப்’ என்ற அமைப்பு வழக்குப் போட்டது. 2006 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தையும், கருக்கலைப்புத் திருத்தச் சட்டத்தையும் செல்லாது என்றது. சட்டத்தின் உள்ளே இருந்த எந்த வரியும் காரணம் இல்லை. மேலவை மக்களைக் கேட்காமல் விட்டதுதான் காரணம். 18 மாதம் தவணை கொடுத்து, முறையாகச் செய்து வாருங்கள் என்று அனுப்பினார்கள். மேலவை வெறும் ரப்பர் ஸ்டாம்ப் என்று நீ எழுதினாயே, அந்த ஸ்டாம்பைச் சரியாகக் குத்தவில்லை என்று இங்கே சட்டமே விழுந்திருக்கிறது. காப்பீட்டுச் சட்டத்தின் மேலும் இப்போது வழக்குக்கு மேல் வழக்கு. மேற்கு கேப் பிடித்திருப்பதும் இதே நூலைத்தான்: மக்கள் சொன்னதை மேலவை காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று.

பாஹ்லா போய், 2024 தேர்தலுக்குப் பிறகு பழைய அமைச்சர் ஆரன் மொட்சோலேடி திரும்பி வந்திருக்கிறார். அவர்கள் இரண்டு பேரும், நடுவில் அமைச்சராக இருந்த ம்கீஸேயும், எங்கள் டர்பன் மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். கறுப்பர், இந்தியர், கலப்பினத்தவருக்கென்று 1951-ல் திறந்த கல்லூரி. மூவருமே இதே ஊர் ஆஸ்பத்திரி வராந்தாக்களைப் பார்த்துத்தான் டாக்டர் ஆகியிருப்பார்கள், ஃபைல் எப்படித் தொலைகிறது என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்பாள் என் வீட்டம்மா. அவளுக்கு அமைச்சர்கள் மேல் எனக்கு இல்லாத ஒரு பரிவு, டாக்டர்கள் என்பதால்.

ஆயாவிடம் மேலவை, கீழவை என்று விளக்கப் போனேன். கையை ஆட்டி நிறுத்திவிட்டாள். 1984-ல் வெள்ளையர் அரசு மூன்று அவை வைத்தது. வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்றும் இல்லை. இந்தியருக்கென்று தனி சுகாதார அமைச்சர்கூட உண்டு. ‘அப்போ தாத்தா ஓட்டுப் போட வீட்டை விட்டு எறங்கல. இப்போ நானே போய்ப் பேசிட்டு வந்தேன்ல’ என்றாள். அதற்கு மேல் நான் என்ன விளக்க?

ஆனால் அந்தக் கேள்வியை அவள் விடவில்லை. லேப்டாப் பையன் எழுதினானா இல்லையா என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். கிடைத்த அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தேன். நோயாளி ஆவணங்கள், கணினிப் பதிவு என்று பொதுவாகச் சில வரிகள். அது ஆயாவா, வேறு யாராவதா, தெரியவில்லை. ‘எழுதியிருக்கான்’ என்று சொல்லிவிட்டேன். பொய்யா என்று நீயே முடிவு செய்துகொள்.

மற்றபடி எல்லோரும் நலம். மகள் ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை மாற்றியிருக்கிறாள். தீபாவளிக்கு வருவாளாம். உன் முழங்கால் ஆபரேஷன் தேதி சொன்னால் போன் பண்ணுகிறேன். இருட்டுக்கடை அல்வா யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்து விடு, பல் இல்லாவிட்டாலும் அது இறங்கும்.

திங்கட்கிழமை ஆயாவுக்கு மாத்திரை நாள். கூட்டிப்போகிற முறை என்னுடையது. நாலரைக்கு எழ வேண்டும், நாற்காலியை இப்போதே காரில் வைத்துவிட்டேன்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக் கூட்டாளி