காம்பஸைக் கையில் கொடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை உன் வகுப்பைப் பற்றி நீ போனில் சொன்னதே மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வருஷம் வரை வண்ணத்தைக் குழைத்துக் குழைத்துப் பூசிய பிள்ளைகள், ஏழாம் வகுப்புக்கு வந்ததும் "எனக்கு வரைய வராது" என்று நோட்டை மூடிவிடுகிறார்கள் என்றாய். தாள் கிழியும் வரை ரப்பரால் தேய்க்கிறார்களாம். "அழகா இருக்கு" என்று நீ சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். பழைய டீச்சர் இருந்தபோது வகுப்பு இப்படி இல்லை என்று ஒருத்தி உன் முகத்துக்கு நேரே சொன்னதில் நீ உடைந்துபோயிருக்கிறாய்.

இது உன் குறை இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கே கணக்கு எடுத்தவள் சொல்கிறேன், நம்பு. பன்னிரண்டு வயதில் கண் கையை முந்திவிடும். குதிரை எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிகிறது. தன் தாளில் இருப்பது குதிரை இல்லை என்பதும் தெரிகிறது. அந்த நேரத்தில் நீ "சூப்பர்" என்றால், டீச்சர் நம்மை இன்னும் குழந்தையாக நினைக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொள்வான். அவனுக்குப் பாராட்டும் வேண்டாம், திட்டும் வேண்டாம். தான் செய்தது சரியா தப்பா என்று இன்னொருவர் வாயைப் பார்க்காமல் தானே சோதித்துக்கொள்ள ஒரு வழி வேண்டும்.

ஓவியமும் கைவேலையும் வழியாகப் பாடம் சொல்லும் உங்கள் வால்டோர்ஃப் பள்ளியின் பாடத்திட்டத்தில் அந்த வழி இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை வெறுங்கையால் வரைந்த வடிவங்களை ஆறாம் வகுப்பில் காம்பஸும் ஸ்கேலும் வைத்து வரையச் சொல்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். உன் பிள்ளைகள் அதை அவசரமாகக் கடந்து வந்திருப்பார்கள் போலிருக்கிறது. ஒரு வாரம் பின்னால் போனாலும் பரவாயில்லை, மறுபடி எடு.

ஒரு வட்டம் போடச் சொல். காம்பஸை விரிக்காமல், சுருக்காமல், அதே ஆரத்தை வட்டத்தின் மேலேயே அடியடியாக எடுத்துவைக்கச் சொல். ஆறாவது அடி புறப்பட்ட புள்ளியிலேயே வந்து விழ வேண்டும். முதல் தடவை பலருக்கு விழாது. முள் வழுக்கியிருக்கும், பென்சில் மழுங்கியிருக்கும், காம்பஸின் திருகு தளர்ந்திருக்கும். ஒவ்வொரு அடியிலும் ஒரு பாகை பிசகினால் ஆறாவது அடியில் ஆறு பாகை இடைவெளி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அங்கே நீ ஒரு வார்த்தை பேசாதே. அவனே பார்ப்பான், அவனே திருகை முறுக்குவான், பென்சிலைச் சீவுவான், மறுபடி போடுவான். உன்னிடம் முறைத்துக்கொள்ளும் பிள்ளை வட்டத்திடம் முறைத்துக்கொள்ள மாட்டான். அந்த ஆறு புள்ளிகளிலிருந்தும் அதே ஆரத்தில் வில் போட்டு, ஆறு இதழ்ப் பூ சரியாகக் கூடி வந்ததும் அவன் முகத்தைப் பார். அதற்கப்புறம் வண்ணம் பூசச் சொல், பூசுவான்.

அதே பூவிலிருந்து நம் வாசல் கோலத்துக்கும் வரலாம். ஏழு புள்ளி, இடைப்புள்ளி, நான்கில் நிறுத்தினால் மொத்தம் முப்பத்தேழு புள்ளிகள் ஓர் அறுகோணமாக நிற்கும். ஹைதராபாத்தில் உன் பிள்ளைகளின் வீட்டு வாசலிலும் 'முக்கு' என்று தெலுங்கில் சொல்லிக் கோலம் போடுகிறார்கள். எந்த இரண்டு பக்கத்துப் புள்ளிக்கும் நடுவே ஒரே தூரம் ஏன் வருகிறது என்று அவர்களையே காம்பஸ் வைத்துக் கண்டுபிடிக்கச் சொல். பாட்டிக்குத் தெரிந்தது கிரேக்கக் கணித மேதை யூக்ளிடின் முதல் வரைவான சமபக்க முக்கோணம் என்று புரியும்போது சில பிள்ளைகள் வீட்டுக்கு ஓடுவார்கள்.

அடுத்த மெயின் லெசன் மறுமலர்ச்சிக் காலம் என்றாய். மூன்று நான்கு வாரம், தினம் காலையில் இரண்டு மணி நேரம் ஒரே பாடம் எடுக்கக் கிடைப்பது பெரிய வரம். நாற்பது நிமிஷம் ஆனதும் பெல் அடிக்கும் பள்ளியிலேயே காலம் கழித்தவளுக்கு அதன் அருமை தெரியும். ஓவியர்களின் வாழ்க்கைக் கதையை ஒரு நாளில் முடித்துவிட்டு, தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும்படி வரையும் பெர்ஸ்பெக்டிவுக்கு வந்துவிடு. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி, தேவாலயத்தின் எதிரே இருந்த ஞானஸ்நானக் கட்டடத்தைப் பலகையில் வரைந்து, அதில் ஒரு துளை போட்டு, பின்னாலிருந்து கண்ணாடியில் பார்க்கவைத்தார் அல்லவா, படமும் கட்டடமும் பொருந்துகிறதா என்று? அவரும் தன் வேலையைச் சோதித்துத்தான் பார்த்தார். அதற்குப் பிறகு, 1435-இல், ஆல்பர்ட்டி அந்த விதிகளை எழுதிவைத்தார். உன் பிள்ளைகளை ஜன்னல் கண்ணாடி முன்னால் நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, தலையை அசைக்காமல், வெளியே தெரியும் சுவரையும் பாதையையும் மார்க்கரால் கண்ணாடி மேலேயே கோடு இழுக்கச் சொல். ராமேஸ்வரம் மூன்றாம் பிரகாரத்தில் நின்றால் தூண்வரிசையும் தரையும் மேற்கூரையும் ஒரு புள்ளியை நோக்கி ஓடுமே, அந்தப் புள்ளி கண்ணாடியில் தானாக வந்து நிற்கும். வரைய வராது என்றவனுக்கும் வரும், ஏனென்றால் இதில் திறமைக்கு வேலை குறைவு, பொறுமைக்குத்தான் வேலை.

அறிவியலில் நீங்கள் செய்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பித்தளைத் தகட்டில் மணலைத் தூவி, விளிம்பில் வயலின் வில்லை இழுத்தால் மணல் அதிராத கோடுகளில் போய்ச் சேர்ந்து கோலம் போடுகிறது. 1787-இல் ஜெர்மன் விஞ்ஞானி கிலாட்னி எழுதிவைத்த சோதனை. அன்றைக்கு விளக்கமே சொல்லாமல் தகட்டை எடுத்துவைத்துவிட்டு, மறுநாள் பிள்ளைகள் பார்த்ததைச் சொல்லச் சொல்லி, அதிலிருந்து விதிக்கு வருகிறீர்கள். எங்கள் பாடநூல்களில் வரையறை முதலில் வரும், சோதனை பின்னால் வரும். முடிவு தெரிந்த பிறகு எந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து பார்க்கும்? இந்த ஓர் இரவு இடைவெளியை யார் அவசரப்படுத்தினாலும் விட்டுவிடாதே.

ஆனால் இந்தக் கல்வி முறையை உருவாக்கிய ஸ்டைனர் சொன்னார் என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. பிள்ளைகளை நான்கு குணமாகப் பிரித்து உட்காரவைப்பது எனக்குச் சம்மதமில்லை. கோபக்காரன், மந்தமானவன் என்று பெரியவர்கள் மனசுக்குள் முத்திரை குத்தினாலே போதும், பிள்ளை அதை மோப்பம் பிடித்துவிடும். அதேபோல, கரும்பலகையில் நீ வரைந்த படத்தை அத்தனை பேரும் பார்த்து வரைந்தால், நோட்டைப் புரட்டும் பெற்றோருக்கு அழகாக இருக்கும், பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது? சின்ன வகுப்புக்குச் சரி. ஏழாம் வகுப்பில் பாதிப் பக்கமாவது அவர்களுடையதாக இருக்கட்டும்.

பத்தாம் வகுப்புத் தேர்வு என்னாகும் என்று கேட்கும் பெற்றோரிடம் கோபப்படாதே. அவர்கள் பயம் நியாயமானது. கலை வழிப் பள்ளி என்று சொல்லிச் சதவீதத்தையும் வட்டியையும் இயற்கணிதத்தையும் தொட்டுவிட்டுப் போனால் நாளைக்குத் திண்டாடப்போவது பிள்ளைகள்தான். தினம் இருபது நிமிஷம் கணக்குப் பயிற்சி கொடு, அலுத்துக்கொண்டாலும் கொடு.

கடைசியாக ஒன்று. 1919-இல் ஸ்டுட்கார்ட்டில் எமில் மோல்ட் இந்த வகைப் பள்ளியில் முதலாவதைத் தன் சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கினார். ஆணும் பெண்ணும், தொழிலாளி பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், பையன்களும் பின்னல் ஊசி பிடித்தார்கள். இன்றைக்கு உங்கள் பள்ளிக் கட்டணத்தை ஆலைத் தொழிலாளி கட்ட முடியுமா? அதை மாற்றுவது உன் கையில் இல்லை, தெரியும். ஆனால் உங்கள் தெருமுனையில் ஒரு அரசுப் பள்ளி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாய். மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை அங்கே ஏழாம் வகுப்புக்குப் போய் வட்டம் போடக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று உங்கள் நிர்வாகத்திடமும் அந்தத் தலைமையாசிரியரிடமும் கேட்டுப் பார். எத்தனை பிள்ளைகள் என்று எழுது. நல்ல திருகு உள்ள காம்பஸாகப் பார்த்து வாங்கி நான் பார்சல் போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா
ராமநாதபுரம்