ஒரே மாதிரி முப்பது மீன்கள் வேண்டாம்: மழலையர் பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மழலையர் பள்ளிகளை நடத்தும் தலைமையாசிரியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

மழலையர் வகுப்பு எடுக்கிற ஆசிரியராக இதை எழுதுகிறேன். 'தீம்' வைத்துப் பாடம் நடத்துவது இப்போது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. ஒரு வாரம் தண்ணீர், அடுத்த வாரம் செடிகள், அதற்கடுத்து விலங்குகள். இதை நான் மனதார வரவேற்கிறேன். நாலைந்து வயதுக் குழந்தைக்கு உலகம் கணக்கு, மொழி, அறிவியல் என்று தனித்தனியாகக் கிடப்பதில்லை. ஒரு பொருளைச் சுற்றி எல்லாமும் சேர்ந்து வரும்போதுதான் அதற்குப் பிடிபடுகிறது. ஆனால் வகுப்பறைக்குள் வந்ததும் அந்தத் தீம் என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

தண்ணீர் வாரம் வந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆசிரியர் முந்தின இரவு உட்கார்ந்து முப்பது காகித மீன்களை வெட்டி வைக்கிறார். மறுநாள் குழந்தைகள் சொன்ன இடத்தில் கண்ணையும் வாலையும் ஒட்டுகிறார்கள். கோணலாக ஒட்டியதை ஆசிரியரே பிய்த்துச் சரிசெய்கிறார். மாலையில் சுவர் நிறைய மீன்கள். படம் எடுத்துப் பெற்றோருக்கும் அனுப்பியாகிவிட்டது. அந்த வாரத்தில் ஒரு குழந்தைகூடத் தண்ணீரில் கை வைத்திருக்காது.

அதே வாரத்தில் ஓர் அகலமான தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் கூழாங்கல், மரக்கட்டை, மூடி, கரண்டி, கடற்பஞ்சு எல்லாம் வைத்துப் பாருங்கள். போடுவதற்கு முன்னால் "இது மிதக்குமா, முழுகுமா?" என்று கேளுங்கள். கனமானது முழுகும் என்று பெரும்பாலான குழந்தைகள் அடித்துச் சொல்வார்கள். பெரிய மரக்கட்டை மிதக்கும், சின்னக் கூழாங்கல் முழுகும். அப்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்! அடுத்து, தண்ணீரில் கரையாத மாடலிங் களிமண்ணை உருண்டையாக்கிப் போட்டால் நேராக அடியில் போய் உட்காரும். அதே உருண்டையைத் தட்டையாக்கி ஓரங்களைத் தூக்கிக் கிண்ணமாக்கினால் மிதக்கும். எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வடிவம் மட்டும்தான் மாறியது. இதற்கான விளக்கத்தை அந்த வயதில் சொல்லித் தர வேண்டியதில்லை. கிண்ணத்தில் எத்தனை கூழாங்கல் வைத்தால் முழுகுகிறது என்று அவர்களே எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். கணக்கு தானாக அங்கே வந்துவிடுகிறது. "உன்னுடையது ஏன் முழுகியது?" என்று பக்கத்துக் குழந்தை கேட்கும்போது மொழியும் வந்துவிடுகிறது.

அகலமான குவளையிலிருந்து ஒல்லியான உயரக் குவளைக்குத் தண்ணீரை மாற்றினால், தண்ணீர் கூடிவிட்டது என்றுதான் இந்த வயதுக் குழந்தைகள் பலரும் சொல்வார்கள். உளவியலாளர் ஜீன் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்தார். வாயால் திருத்தி இதை மாற்றிவிட முடியாது. திரும்பத் திரும்ப ஊற்றிப் பார்த்து, குழந்தை தானாக அங்கே வந்து சேர வேண்டும்.

நான் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. ஃப்ரெடெரிக் ஃப்ரோபெல் 1837-ல் ஜெர்மனியில் சிறு குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். அவர் குழந்தைகளிடம் கொடுத்தவை நூல் பந்து, மரக் கோளம், உருளை, கனசதுரம் போன்றவை. 1907-ல் ரோம் நகரில் தொடங்கிய மரியா மாண்டிசோரியின் பள்ளி முறையில் இளஞ்சிவப்புக் கோபுரம் என்று ஒன்று உண்டு: 1 செ.மீ.-லிருந்து 10 செ.மீ. வரை பத்து மரக் கனசதுரங்கள். பெரியது, சிறியது என்பதைக் குழந்தை அங்கே கையின் கனத்திலேயே உணர்கிறது. மழலையர் பள்ளி தோன்றியதே இப்படித்தான். ஒர்க்ஷீட் எல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தது.

சரி, இதற்கு என்ன வேண்டும்? முதலில் நேரம். விதை முளைப்பதை ஒரு வாரத்துக்குள் அடைக்க முடியாது. ஈரக் காகிதம் வைத்த கண்ணாடிக் குவளையில் பயறு வேர்விடவே சில நாட்கள் ஆகும், இலை விரிய இன்னும் பல நாட்கள். வேர் எட்டிப் பார்க்கிற நேரத்தில் "செடி முடிந்தது, அடுத்து விலங்கு" என்று நகர்ந்துவிட்டால், அந்தக் குழந்தை காத்திருந்ததற்கு என்ன அர்த்தம்? ஒரு தீமுக்கு மூன்று நான்கு வாரம் விடுங்கள். ஆண்டுக்கு எட்டுத் தீம் முடிந்தாலும் போதும்.

அப்புறம், வகுப்பில் ஆசிரியரோடு கூட இன்னொரு பெரியவர் வேண்டும். தொட்டியில் சில அங்குலத் தண்ணீர் இருந்தால்கூட, ஒரு கணம் கண்ணை எடுக்காமல் யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும். வேலை முடிந்த உடனே தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டும். பயறு, மணி, பொத்தான் எல்லாம் மூக்குக்கும் வாய்க்கும் போகக்கூடியவை. ஒரே ஆசிரியரிடம் முப்பது குழந்தைகளை ஒப்படைத்துவிட்டு, செயல்வழிக் கல்வி நடத்துங்கள் என்று சொல்வது நியாயமில்லை. அந்த நிலையில் அவர் காகித மீனுக்குத்தான் போவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

தரை நனையும், சட்டை அழுக்காகும். மேற்பார்வைக்கு வரும்போது அதை ஒழுங்கின்மை என்று குறித்துவிடாதீர்கள். களிமண் பிசைகிற, புனலில் ஊற்றுகிற, துணி கிளிப்பை அழுத்துகிற விரல்கள்தான் நாளை பென்சிலைப் பிடிக்கப் போகின்றன.

பெற்றோரிடமும் நீங்கள்தான் பேச வேண்டும். "இன்று வீட்டுக்கு என்ன செய்து கொண்டு வந்தாய்?" என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள், கேட்பதில் தப்பில்லை, நாம் அப்படிப் பழக்கியிருக்கிறோம். ஆண்டின் முதல் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் களிமண்ணையும் அவர்கள் முன்னாலேயே வையுங்கள். அவர்களும் மிதக்கவிட்டுப் பார்க்கட்டும். சுவருக்கு அலங்காரம் வேண்டுமென்றால், குழந்தை தானே வரைந்த கோணல் படகை மாட்டி, கீழே அது சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வைக்க ஆசிரியருக்கு அனுமதி கொடுங்கள். எந்தக் குழந்தை எதைக் கண்டுபிடித்தது, எங்கே தடுமாறுகிறது என்பது அந்த வரிகளில் இருக்கும். அதையே அதன் முன்னேற்ற அறிக்கையாகவும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு மழலையர் வகுப்பு ஆசிரியர்